வயிற்றைத் தாண்டி வருவது எது?



கொங்குப் பகுதியில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு கேள்வி என்னை விடாமல் வந்துகொண்டிருந்தது. மாட்டுக்கு மருந்து வாங்க வரும் பெண்கள், வந்த வேலை முடிந்து கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "ஏனுங்க டாக்டரு, ஊசி போட்ட கோழி தின்னா பொம்பளப் புள்ளைங்க வெரசா வயசுக்கு வந்துருமாமுங்களே, நெசமுங்களா?"

இதைச் சிரித்துத் தள்ளிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெற்ற பிள்ளையின் உடம்பைப் பற்றிய கவலை அது. உணவு வழியாக ஹார்மோன் உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கெடுத்த கதை உலகத்தில் உண்மையாகவே நடந்திருக்கிறது. அதனால் அந்தக் கேள்விக்கு நிதானமாக, முழுசாகப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஹார்மோன் என்பது உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, இன்னோரிடத்தில் வேலை செய்யும் பொருள். இதில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒரு வகை புரதத்தால் ஆனது. வளர்ச்சி ஹார்மோன், ஆக்ஸிடோசின், இன்சுலின் எல்லாம் இந்த வகை. இன்னொரு வகை கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற பாலின ஹார்மோன்கள் அந்த வகை.

இங்கே சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் பலர் இருப்பீர்கள். தினமும் ஏன் வயிற்றில் குத்திக்கொள்கிறீர்கள்? மாத்திரையாக விழுங்கினால் இறைச்சியையும் பருப்பையும் செரிக்கிற மாதிரியே வயிறு அதையும் செரித்துவிடும் என்பதால்தான். புரத ஹார்மோன் எதுவாக இருந்தாலும், சாப்பாட்டோடு உள்ளே போனால் அதன் கதி இதுதான். பாலின ஹார்மோன் வகை அப்படியல்ல. கருத்தடை மாத்திரை வாய்வழியாகவே வேலை செய்கிறது அல்லவா? ஆக, உணவில் ஹார்மோன் என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது வயிற்றைத் தாண்டி வருகிற வகையா, இல்லையா என்பது.

இப்போது கோழிப் பண்ணைக்குள் போவோம். பல்லடம், உடுமலை வட்டாரத்தில் ஐயாயிரம் குஞ்சு விடுகிற ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் தென்னை நார்க்கழிவு பரப்பியிருக்கும். ஒருநாள் குஞ்சு வந்து இறங்கும்போது எடை 40 கிராம் சுற்றி. முதல் சில நாட்கள் தகர வளையத்துக்குள் பல்பு வெளிச்சத்தின் கதகதப்பில் கிடக்கும். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, வெள்ளைக்கழிச்சலுக்கு. அடுத்த வாரம் கம்போரோ நோய்க்குத் தண்ணீரில் கலந்து தடுப்பு மருந்து. தீவனம் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். லாரி வரும். அவ்வளவுதான்.

இதில் ஊசி எங்கே? கறிக்கோழிக்கு ஊசி போடுவதைவிட, நம் வீட்டுக் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிக்குத்தான் கால்நடைத் துறை ஆட்கள் கோழிக்கழிச்சல் முகாமில் ஊசி போடுகிறார்கள். அதுவும் தடுப்பூசி. ஊர்க்காரர்கள் ஊசியைப் பார்த்திருக்கிறார்கள், கோழி வேகமாக வளர்வதையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் கொடுக்க வேண்டுமானால் அதைத் தீவனத்தில் கலக்க முடியாது, கோழியின் வயிறும் அதைச் செரித்துவிடும். ஐயாயிரம் கோழியையும் திரும்பத் திரும்பப் பிடித்து ஊசி போட வேண்டும். சித்திரை வெயிலில் ஒருமுறை பிடித்துவிட்டாலே கோழி இரைத்துச் சாகும். வளர்ப்புக் கூலிக்குப் பாடுபடும் பண்ணையாளருக்கு ஒவ்வொரு கோழியும் கணக்கு. போதாததற்கு, கோழிக்கென்று அப்படி ஒரு ஹார்மோன் மருந்து சந்தையில் விற்பனைக்கே இல்லை. ஆய்வுக்காகக் கொடுத்துப் பார்த்த இடங்களிலும் கறிக்கோழியின் வளர்ச்சி சொல்லும்படியாகக் கூடவில்லை.

"அப்புறம் எப்படி டாக்டர் ஆறு வாரத்தில் இப்படி வளருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒரு போட்டி நடத்தினார்கள். ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடை நிறுவனம் பணம் போட்டது. போட்டியின் பெயர் 'நாளைய கோழி'. நெஞ்சுக்கறி தடிப்பாக, வேகமாக வளரும் கோழியை யார் உருவாக்குகிறார்கள் என்று நாடு முழுக்கப் பண்ணையாளர்கள் மோதினார்கள். 1948இல் இறுதிச் சுற்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்ட்ரெஸ், கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்து எடுத்த கோழி ஜெயித்தது. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாக, அதிகம் வளர்ந்ததை மட்டும் பொறுக்கி இனம் பெருக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கோழிக்குத் தலைமுறை என்பது ஒரு வருஷத்துக்கும் குறைவு. எழுபது வருஷத்தில் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இதற்கு நேரடியான சோதனையே இருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டின் கோழி இனத்தையும் 1978ஆம் ஆண்டின் இனத்தையும் மேற்கொண்டு பொறுக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டின் ராஸ் இனத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. 56 நாளில் 1957ஆம் ஆண்டுக் கோழி 905 கிராம். 1978ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம். 2005ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். தீவனத்தில் வித்தியாசம் இல்லை, ஊசி இல்லை. வித்தியாசம் முழுக்கப் பரம்பரையில் இருந்தது.

இப்படி வளர வைத்தது கோழிக்கு நல்லதா என்றால், இல்லை. உடம்பின் எடையைக் கால் தாங்குவதில்லை. இதயம் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழிகளை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த உயிருக்கு நாம் செய்வது கொடுமை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது வேறு வழக்கு. அதில் ஹார்மோனுக்குப் பங்கில்லை.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளைச் செயற்கையாகத் தயாரித்தார். சுருக்கமாக டி.இ.எஸ். ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலையை அப்படியே செய்யும், விலை மலிவு, வாயால் விழுங்கினாலே போதும். டாட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றானதும் மருந்து கம்பெனிகள் பாய்ந்து எடுத்துக்கொண்டன. கருச்சிதைவைத் தடுக்கும் என்று சொல்லி கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான தாய்மார்கள் நம்பி விழுங்கினார்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனை, இந்த மருந்தால் கருச்சிதைவு குறையவில்லை என்று காட்டியது. அதன் பிறகும் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், பதினெட்டு வருஷம்!

1971இல் பாஸ்டன் நகரில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிறப்புறுப்பில் மிக அரிதான ஒரு புற்றுநோய், வழக்கமாக வயதான பெண்களுக்கு வருவது, எட்டு இளம்பெண்களுக்கு வந்திருந்தது. எல்லோரும் 22 வயதைத் தாண்டாதவர்கள். எட்டில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் டி.இ.எஸ். சாப்பிட்டிருந்தார்கள். தாய் விழுங்கிய மாத்திரை, வயிற்றில் இருந்த பெண் குழந்தையை இருபது வருஷம் கழித்துத் தேடி வந்து பிடித்தது.

இதே டி.இ.எஸ்.ஸைத்தான் அமெரிக்காவில் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள். 1947 முதல் இளம் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு சின்ன வில்லையாக வைத்தார்கள். சேவலின் வீம்பு அடங்கிக் கொழுப்பு ஏறும், கறி மெதுவாக இருக்கும். வெட்டிய கோழியின் தலையையும் கழுத்தையும் ரோமத்துக்காக மிங்க் என்ற விலங்கை வளர்க்கும் பண்ணைகளுக்குத் தீனியாகக் கொடுத்தபோது, மிங்குகள் குட்டி போடாமல் போயின. 1959இல் கோழியில் நிறுத்தினார்கள். மாட்டில் நிறுத்த 1979 வரை ஆனது. ஆக, ஹார்மோன் வைத்த கோழி ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது, வயிற்றைத் தாண்டி வருகிற வகை ஹார்மோனோடு. நம் ஊர்ப் பேச்சில் இன்றும் ஓடுவது அறுபது வருஷத்துக்கு முன் முடிந்துபோன அந்தக் கதையின் நிழல். அமெரிக்கச் சட்டம் இன்று கோழியில் எந்த ஹார்மோனையும் அனுமதிப்பதில்லை. அதனால் 'ஹார்மோன் இல்லாத கோழி' என்று கூடுதல் விலை போடுகிறவர்கள், எந்தக் கோழியிலும் இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்லி விற்கிறார்கள்.

மாட்டு இறைச்சி விஷயம் வேறு. அமெரிக்காவில் இன்றும் மாட்டின் காதுத் தோலுக்கடியில் ஹார்மோன் வில்லை வைக்கிறார்கள். ஐரோப்பா அந்த இறைச்சியை 1989 முதல் உள்ளே விடவில்லை. வழக்கு உலக வர்த்தக அமைப்பு வரை போனது. 1998இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் ஐரோப்பாவுக்குப் பாதகம்தான். ஆனாலும் அவர்கள் தடையை விலக்கவில்லை. அந்த வில்லைகளில் சேரும் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்பது அவர்களின் அறிவியல் குழுவின் கருத்து. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 நானோகிராம் வரை போகலாம் என்பது ஐ.நா. அமைப்புகளின் நிபுணர் குழு சொன்னது. அறிஞர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிற இடம் இது. என்னைக் கேட்டால், டி.இ.எஸ். கதையைப் பார்த்த எந்த அரசும் எச்சரிக்கையின் பக்கம் சாய்வதைக் குறை சொல்ல மாட்டேன். நம் கறிக்கடையில் தொங்குவது பெரும்பாலும் வெள்ளாடு, செம்மறி. அவற்றுக்கு அப்படி வில்லை வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

பாலுக்கு வருகிறேன். பால்காரர்கள் சிலர் மாட்டுக்கு ஊசி போட்டுப் பால் இறக்குவது உண்மை. கன்று செத்துப்போன மாடு, குறிப்பாக எருமை, பாலை மேலே இழுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் தோலுக்குள் வைக்கோல் அடைத்த கன்றைக் காட்டி நக்கவிட்டுக் கறந்தார்கள். இப்போது ஆக்ஸிடோசின். அதை மாட்டுக்குப் போடுவது தப்பு, மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. தினமும் அந்த ஊசிக்குப் பழகிய மாடு, ஊசி இல்லாமல் பாலே விடாது. ஆனால் அந்தப் பால் பிள்ளைக்கு ஹார்மோனைக் கொண்டுபோகுமா? ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. மாட்டின் ரத்தத்திலேயே சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். மிச்சம் மீதி வந்தாலும் வயிறு செரித்துவிடும்.

இந்தப் பயத்தின் விலையைப் பாருங்கள். 2018இல் மத்திய அரசு, மாட்டுக்குத் தவறாகப் போகிறது என்று சொல்லித் தனியார் கம்பெனிகள் ஆக்ஸிடோசின் தயாரிப்பதையே தடை செய்தது. ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் நாடு முழுமைக்கும் தயாரிக்கும் என்றது. பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தப்போக்கை நிறுத்த மருத்துவமனைகள் நம்பியிருக்கும் முதல் மருந்து அது. ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இல்லாமல் போனால், அன்றிரவே ஒரு தாய் சாகலாம். நல்லவேளையாக டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தடையை ரத்து செய்தது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பெண்கள் முன்பைவிடச் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த மாற்றம் கறிக்கோழி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஐரோப்பாவில் பெண்கள் 16, 17 வயதில் பெரியவளானார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது 13 ஆகிவிட்டது. வயிறாரச் சாப்பாடு, நோய் குறைந்தது, இவைதான் பெரிய காரணம். உடம்பில் போதுமான கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் என்ற பொருளை 1994இல் கண்டுபிடித்தார்கள். உடல் பருமனான சிறுமிகள் சீக்கிரம் பருவமடைவது பல நாடுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் கோழிக் குழம்பைச் சந்தேகிக்கும் வீட்டிலேயே தினமும் சிப்ஸ் பாக்கெட்டும் குளிர்பானமும் கைப்பேசியும் பிள்ளையின் பக்கத்தில் கிடக்கின்றன.

இரண்டு விஷயம் என்னை வருத்துகிறது. ஒன்று, இந்தப் பயத்தால் பெண் பிள்ளைகளின் தட்டிலிருந்து மட்டும் முட்டையும் கறியும் எடுக்கப்படுகின்றன. பையனுக்கு வைக்கிறார்கள், பெண்ணுக்கு வைப்பதில்லை. சத்துணவில் போடும் முட்டையைக்கூட "நீ தின்னாதே" என்று சொல்லி அனுப்பும் தாய்மார்களை எனக்குத் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. இந்தப் பெண்களிடமிருந்து புரதத்தையும் இரும்புச்சத்தையும் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. எட்டு வயதுக்கு முன் ஒரு சிறுமிக்கு மார்பு வளரத் தொடங்கினால், "கோழிதான் காரணம்" என்று கோழியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கக் கூடாது. அது முன்பருவமடைதல். எலும்பு வயதை எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். சில நேரம் மூளையில் ஒரு கட்டி காரணமாக இருக்கலாம். பருவத்தைத் தள்ளிப்போட மருந்து இருக்கிறது, குழந்தைநல மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள்.

அப்படியானால் பிராய்லர் கோழியில் பயப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்!

1948 வாக்கில் நியூயார்க் அருகே லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்து மீந்த கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. அந்த ஆரியோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். உயிர் காக்கக் கண்டறிந்த மருந்து எடை ஏற்றும் தீவனமாக மாறியது அங்கிருந்துதான். நோய் இல்லாத கோழிக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கொடுத்தால், அதற்குத் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். அந்தக் கிருமி கோழியோடு நிற்காது. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. கொலிஸ்டின் என்ற மருந்து, வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுப்பது. அதையும் நாம் கோழிக்குக் கொட்டிக்கொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் உணவுக்கான விலங்குகளில் அதற்குத் தடை வந்தது. ஐரோப்பா வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2006இலேயே முற்றாக நிறுத்திவிட்டது.

நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுத்தால், கடைசி மருந்துக்கும் கறிக்கு அனுப்புவதற்கும் நடுவே இத்தனை நாள் இடைவெளி என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். லாரி வந்து நிற்கும் அவசரத்தில் அந்த இடைவெளியை யார் பார்க்கிறார்கள்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஹார்மோன் பயத்துக்கு நியாயமான இன்னோர் இடமும் இருக்கிறது. அது நாம் சாப்பாட்டை எதில் வைக்கிறோம் என்பது. பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனென்ஷைன் என்ற இரு விஞ்ஞானிகள் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மட்டுமே பெருக வேண்டிய செல்கள் ஒரு கட்டத்தில் தானாகப் பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் தேடினார்கள். குற்றவாளி செல்லிலும் இல்லை, மருந்திலும் இல்லை. திரவம் வைத்திருந்த பிளாஸ்டிக் குழாயிலிருந்து நோனைல்ஃபீனால் என்ற பொருள் கசிந்து ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்திருந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள். பிளாஸ்டிக்கில் சேரும் பிஸ்பீனால் ஏ என்ற இன்னொரு பொருளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஏற்கத்தக்க அளவை முன்பிருந்ததைவிட இருபதாயிரம் மடங்கு குறைத்தது. இவை வயிற்றைத் தாண்டி வருகிற சின்ன மூலக்கூறுகள். சூடும் எண்ணெயும் பட்டால் கசிவு கூடும். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதை, டீயைப் பிளாஸ்டிக் பையில் பார்சல் வாங்குவதை நிறுத்துங்கள். தூக்குப்போசி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

கோழிக்கடைக்குப் போகும்போது "ஊசி போட்ட கோழியா?" என்று இனி கேட்காதீர்கள். மருந்து நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது. அவர் பண்ணையைக் கேட்பார், பண்ணை கம்பெனியைக் கேட்கும். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். சென்ற ஆண்டு இந்த மாவட்டத்தில் எத்தனை கோழிக்கறி மாதிரி ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்காகச் சோதிக்கப்பட்டது, எத்தனை தேறவில்லை, எந்தக் கடை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.